முதலில் படித்துவிட்டு வாருங்கள்

ரோசலின் மேரி காலமான செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. காலை நேரம், அடுப்பில் பால் இருந்தது. எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் வைத்தியநாதன்தான் பேசினார். "கமலா, விஷயம் தெரியுமோ? நம்ம ரோசலின் போயிட்டா. தூக்கத்துலேயே போயிட்டாளாம், கொடுத்து வெச்சவ" என்றார். நான் வாயெடுப்பதற்குள் அதே மூச்சில் அடுத்த கேள்வியும் வந்தது. "ஆமா, அந்தக் 'கடல் போன திசை' கடைசிப் பாகம் எப்படி முடியும்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? இனிமே உங்களை விட்டா கேக்கறதுக்கு ஆளே இல்லையே."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கருகியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே அழுதேன். அழுகை முதலில் வந்ததா, ஆத்திரம் முதலில் வந்ததா என்று கேட்டால் ஆத்திரம்தான்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்தார்கள். எழுந்து மைக் வரை போய்விட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பேசியிருந்தால் செத்த வீட்டுக் காரியம் என்றும் பாராமல் சிலரைப் பெயர் சொல்லித் திட்டியிருப்பேன். அன்று பேசாததை இன்று எழுதுகிறேன். ரோசலினிடம் கணக்குப் படித்த பெண்களும் எங்கள் வட்டத்து நண்பர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஏன் படிக்க வேண்டும் என்பது கடைசியில் தெரியும்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். நான் தமிழ், அவள் கணக்கு. வாரப் பத்திரிகை கடைக்கு வரும் நாளில், மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அவள் அந்த வேலையை முடித்துவிடுவாள். ஜாமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து, அதன் முனையால் பத்திரிகையின் நடுவில் இருக்கும் பின்னை நிமிர்த்துவாள். தொடர்கதை அச்சான தாள்களை மட்டும் கிழியாமல் உருவிக்கொள்வாள். பின்னை மறுபடி மடக்கி, மிச்சப் பத்திரிகையை எங்களிடம் தள்ளுவாள். பல சமயம் ஒரு ஜோக்கின் கேள்வி எங்களிடம் இருக்கும், பதில் அவள் பைக்குள் போயிருக்கும். நாங்கள் சத்தம் போடுவோம். "பதிலைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க, யோசிங்க" என்பாள்.

அந்தத் தொடர்கதைதான் 'கடல் போன திசை'. வருடக்கணக்கில் ஓடியது, ஐந்து பாகம். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருநாள் காலையில் ஓர் ஊரிலிருந்து கடல் காணாமல் போய்விடுகிறது. மீன்கள் மணலில் துடிக்கின்றன, படகுகள் ஒருக்களித்துக் கிடக்கின்றன. ஓடக்காரி பூவாயி தன் ஓடத்தை இழுத்துக்கொண்டு கடலைத் தேடிப் புறப்படுகிறாள். அவள் புருஷன் கரையிலேயே நிற்கிறான். "கடல் இல்லாட்டி கரை எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கேயே நிக்கறேன், என்னை அடையாளமா வெச்சுக்கோ" என்கிறான். அவள் போகிற வழியெல்லாம் பேசும் உப்புப் பாறைகள், நிழல்களைப் பிடித்துக் கட்டிவைக்கும் அரக்கன், ஒரே ஒரு மழைத்துளிக்குக் காவல் நிற்கும் பட்டாளம். குழந்தைகளுக்கான மாயாஜாலக் கதை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். படித்தது என்னவோ எங்களைப் போன்ற பெரியவர்கள்தான். கதை புத்தகமாக வரவே இல்லை. பத்திரிகை நின்றுபோனது, எழுதியவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்த நாளில் எல்லோரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்துகொண்டார்கள். தங்களுக்காகச் செய்துகொண்டார்கள். ரோசலின் தன் புருஷனுக்காகச் செய்தாள். அந்தோணி அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். எப்போதாவது லீவில் வருவார், வந்தால் தூங்குவார், மீன் வாங்கி வந்து அவரே சமைத்து எங்கள் எல்லோருக்கும் அனுப்புவார், போய்விடுவார். "ரிடையர் ஆகி வந்து உக்காந்து ஒரே மூச்சுல படிக்கறேன் ரோசி, எடுத்து வை" என்று சொல்லியிருந்தார். அவளும் எடுத்து வைத்தாள். குளத்தருகே இருந்த பைண்டரிடம் ஒவ்வொரு பாகமாகக் கொடுத்து, கருநீலக் காலிகோ அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்தில் பாகத்தின் எண்ணைப் பொறித்து வாங்கினாள். "அவரு கடல்ல இருக்காரு, நான் இங்க கடல் காணாமப் போன கதையைச் சேர்த்து வெச்சுக்கிட்டிருக்கேன். என் தலையெழுத்தைப் பாரேன் கமலா" என்று ஒருமுறை சிரித்தாள்.

அண்ணன் ஓய்வு பெற்றுச் சாந்தோம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சர்க்கரை நோய் அவர் கண்களைப் பாதி தின்றிருந்தது. மீதியை அடுத்த ஒரு வருடத்தில் தின்று முடித்தது. வெளிச்சம், இருட்டு, எதிரே ஆள் நிற்பது, இவ்வளவுதான் தெரியும். ரோசலின் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. முதல் பாகத்தை எடுத்து முதல் தாளிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, விளக்கேற்றி ஜெபம் முடித்து, தினமும் ஓர் அத்தியாயம். ஒரு அத்தியாயத்துக்கு மேல் கேட்டாலும் படிக்க மாட்டாள். "வாரம் ஒண்ணுன்னு நான் காத்துக்கிட்டுக் கிடந்தேன். நீங்க ஒரு நாளாவது காத்திருங்க" என்பாள்.

இப்படி அவர்கள் மூன்றாம் பாகத்தில் இருக்கும்போதுதான் அந்தக் கதை தொலைக்காட்சித் தொடராக வரப்போகிறது என்ற செய்தி வந்தது. கேபிள் இணைப்பு வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த நேரம். எங்கள் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. மாட வீதியில் வைத்தியநாதன் வீட்டுக் கூடத்தில், படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்று பட்டிமன்றமே நடந்தது. "படிக்கறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு? மொதல்ல பார்க்கட்டும். பார்த்துட்டு நன்னா இருக்கேன்னு நாலு பேர் படிக்க வருவா" என்றார் வைத்தியநாதன்.

ரோசலின் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசுவது அபூர்வம். "சார், என் பூவாயிக்கு மூஞ்சி கிடையாது. இத்தனை வருஷமா அவ நடக்கறா, அழறா, ஓடம் இழுக்கறா, ஆனா மூஞ்சி கிடையாது. ஒருதடவை அந்த நடிகையைப் பார்த்துட்டா ஆயுசுக்கும் அவ மூஞ்சிதான். படிச்சவங்க பார்க்கட்டும், அவங்ககிட்ட சண்டை போடறதுக்குச் சொந்தமா ஒண்ணு இருக்கும். படிக்காதவங்க கொடுத்ததை வாங்கிக்க வேண்டியதுதான்" என்றாள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாலு பேர் படிக்க வருவாங்கன்றீங்க. வந்து எதைப் படிப்பாங்க? உங்க எல்லார் வீட்டுப் பைண்டும்தான் பழைய பேப்பர்காரன்கிட்ட போயாச்சே. அஞ்சு பாகமும் இருக்கறது என் ஒருத்தி வீட்லதான்" என்று சேர்த்துச் சொன்னாள்.

அந்த வார்த்தைதான் வினையாயிற்று. தொடர் எடுக்கிற கம்பெனிக்கு வைத்தியநாதன் வேண்டியவர். எழுத்தாளரின் மனைவியிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களே தவிர, அந்த அம்மாளிடம் கதையின் ஒரு தாள்கூட இல்லை. நூலகங்களிலும் முழுசாகக் கிடைக்கவில்லை. மறுநாளே வைத்தியநாதன் சாந்தோமுக்குப் போய் நின்றார். ரோசலின் முடியாது என்றாள். மறுபடியும் போனார். மூன்றாம் பாகம் வரை தருகிறேன், மற்ற இரண்டையும் நாங்கள் படித்து முடித்ததும் தருகிறேன் என்று இறங்கி வந்தாள். மொத்தமாக வேண்டும், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரே வாரத்தில் திருப்பித் தந்துவிடுவார்கள், தமிழுக்கே செய்கிற தொண்டு, உங்கள் பெயரைத் திரையில் போடுவார்கள் என்று அவர் அடுக்கினார். நான் அப்போது அங்கே இருந்தேன். கொடுக்காதே என்று அவர் முன்னாலேயே சொன்னேன். வைத்தியநாதன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கொடுக்கச் சொன்னது அந்தோணி அண்ணன். "கொடுத்துடு ரோசி. கப்பல்ல ஒருத்தன் ஒரு புக்கு கொண்டாந்தா அது இஞ்சின் ரூம்லருந்து மேல்தளம் வரைக்கும் எல்லார் கையும் மாறும். அட்டையில எண்ணெய்க் கறை, டீக் கறை எல்லாம் ஏறும். ஆனா கடைசியில கொண்டாந்தவன் கைக்கு வந்துடும். வராம எங்க போகும்? சுத்தித் தண்ணி" என்று சிரித்தார். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கப்பலில் கழித்தவரின் கணக்கு அது. அந்தக் கப்பலிலிருந்து அவர் இறங்கி வந்துவிட்டதை அவரும் மறந்திருந்தார், அவளும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை அன்று மாலை படித்து முடித்தாள். மறுநாள் ஐந்து கருநீலப் புத்தகங்களும் ஒரு துணிப்பையில் தியாகராய நகருக்குப் போயின.

ஒரு வாரம் ஒரு மாதமானது. சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் ரோசலின் தி.நகர் பஸ் ஏறுவாள். பாதி நாள் நானும் கூடப் போவேன். பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அந்தக் கம்பெனி அலுவலகம். தயாரிப்பு நிர்வாகி என்று ஓர் இளைஞன் இருந்தான். "இன்னா டீச்சர், நீங்க இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுறீங்க? உங்க புக்கு பத்திரமா கீது. சீன் எழுதிக்கினு கீறாங்க. முடிஞ்சதும் நானே ஊட்டாண்ட கொணாந்து குடுத்துர்றேன்" என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குக் கொடுத்த வேலை எங்களைப் போன்றவர்களைப் படியிறக்கி அனுப்புவது. வைத்தியநாதனிடம் கேட்டால், "அவா பெரிய கம்பெனி, உங்க பழைய காகிதத்தை வெச்சுண்டு என்ன பண்ணப் போறா?" என்றார். வாங்கும்போது அது தமிழ்த் தொண்டாக இருந்தது.

தொடர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பாக ஆரம்பித்தது. சந்து முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் அதே பாட்டு, அதே வசனம். ரோசலின் வீட்டில் மட்டும் பெட்டிக்கு மேல் துணி போட்டு மூடியிருக்கும். பாட்டு ஆரம்பித்ததும் அவள் ஜன்னல் கதவுகளைச் சாத்துவாள். சித்திரை மாத வெயிலில் அந்த அறை வெந்துகொண்டிருக்கும். "திற ரோசி, புழுங்குது" என்பார் அண்ணன். "முடியட்டும்" என்பாள். மூன்று பாகம் படித்தாகிவிட்டதே, அதுவரைக்குமாவது அவரைக் கேட்க விடேன் என்று நான் சொன்னேன். "பாதிக் கணக்குல விடைப் பக்கத்தைத் திருப்பறதா? புக்கு வரட்டும், படிச்சு முடிச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்து பார்ப்போம்" என்றாள். பிடிவாதக்காரி. அண்ணன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு, "டீச்சர், பக்கத்து வீட்டுல யாரோ அழறாங்க, பூவாயியா, அந்த வீட்டு அம்மாவா?" என்று என்னைக் கேட்டுச் சிரிப்பார்.

சில மாதங்களில் தொடர் நின்றுபோனது. விளம்பரதாரர் விலகிவிட்டாராம். மூன்றாம் பாகத்தின் பாதியில் பூவாயி உப்புப் பாறைகளுக்கு நடுவே நிற்கும்போது 'தொடரும்' என்று போட்டார்கள், தொடரவில்லை. வட்டத்தில் அதுவரை பார்த்தால் போதும் என்று சொன்னவர்களெல்லாம் மேலே என்ன ஆகும் என்று ரோசலினைத் தொலைபேசியில் கேட்டார்கள். "படிங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். புத்தகம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

தொடர் நின்ற பிறகு ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மேஜைகள் படியில் இறங்கிக்கொண்டிருந்தன. அதே இளைஞன் எங்களைக் கண்டதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். "இந்தாங்க டீச்சர், உங்க அட்டை. ஒண்ணுகூட மிஸ் ஆவல" என்றான். உள்ளே ஐந்து கருநீல அட்டைகள் இருந்தன. பொன்னெழுத்துகள்கூட மங்கவில்லை. நடுவில் ஒன்றுமில்லை. ஜெராக்ஸ் கடையில் புத்தகம் விரியவில்லை என்று தையலைப் பிரித்தார்களாம். பிரித்த பிறகு ஜெராக்ஸ் எதற்கு என்று, வசனம் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு கத்தையாக வீட்டுக்கு எடுத்துப் போனார்களாம். "நாலாவது, அஞ்சாவது பாகம் எவன்கிட்ட கீதுன்னு தெர்ல டீச்சர்" என்றான். காம்பஸ் முனையால் ஓரம்கூடக் கிழியாமல் அவள் உருவி எடுத்த தாள்கள் அவை. ரோசலின் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, லஸ் முனை தாண்டும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அட்டையை எதுக்கு கமலா திருப்பிக் கொடுத்தாங்க? அதையும் வெச்சுக்கிட்டிருந்தா தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சிருப்பேன்ல" என்றாள்.

வீட்டில் அண்ணன் கையை நீட்டினார். ஒவ்வொரு அட்டையாகத் தடவினார், விரித்தார், மூடினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "கப்பல் நினைப்புலயே சொல்லிட்டேன், ரோசி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளை அவர் ஒருநாளும் இதைப் பற்றிப் பேசிச் சங்கடப்படுத்தியதில்லை. மீதிக் கதையை வாயால் சொல் என்று மட்டும் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். எழுதியது வேறு, சொல்வது வேறு, நான் எழுத்தாளர் இல்லை என்றாள். அடையாறிலும் பெசன்ட் நகரிலும் தெரிந்தவர், தெரியாதவர் வீடெல்லாம் ஏறி இறங்கினாள். பழைய பேப்பர் கடைகளில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தாள். நான்காம் பாகத்தில் சில அத்தியாயங்கள் கிடைத்தன, ஐந்தாம் பாகத்தில் ஒரு தாளும் கிடைக்கவில்லை. அவளோடு சேர்ந்து தேட வட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வைத்தியநாதன் அப்போது அடுத்த ஆண்டு விழா ஏற்பாட்டில் இருந்தார்.

அண்ணனுக்கு உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது. சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் இறங்கி வந்தாள். தினம் மாலையில் ஒரு வெற்று அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்னாள். நினைவிலிருந்துதான் சொன்னாள், ஆனால் புத்தகத் தமிழிலேயே சொன்னாள். 'பூவாயி நின்றாள். காற்றில் உப்பு மணக்கவில்லை' என்பது போல. கடைசி அத்தியாயம் சொல்லும் நாளில் என்னையும் கூப்பிட்டாள். "அஞ்சாவது பாகத்தை என்னைத் தவிர முழுசா ஞாபகம் வெச்சிருக்கறவ நீதான். எங்கயாவது விட்டுட்டேன்னா எடுத்துக் கொடு" என்றாள்.

எழுத்தாளர் எழுதிய முடிவை நான் மறக்கவில்லை. ரோசலினிடம் தாள்களை வாங்கி அதைப் படித்த வாரம் எங்கள் ஆசிரியைகள் அறையில் யாரும் சாப்பிடவில்லை. பூவாயி கடலைக் கண்டுபிடித்து விடுவிக்கிறாள். கடல் அவளுடைய ஓடத்தை முந்திக்கொண்டு ஊரை நோக்கி ஓடுகிறது. அவள் வந்து சேரும்போது எங்கும் தண்ணீர். கரைக்கு அடையாளமாக நின்றவனை அவள் கொண்டுவந்த கடலே மூடிவிட்டது. அவன் நின்ற இடம் இதுதான் என்று குறித்து, அதன் மேல் ஓடத்தை நிறுத்தி, அவள் நங்கூரம் இறக்குகிறாள். அத்தோடு கதை முடிகிறது.

அன்று ரோசலின் அப்படிச் சொல்லவில்லை. கடல் ஓடத்தை முந்திக்கொண்டு வருவது வரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். வானத்தில் கடற்பறவைகள் திரும்புவதைப் பார்த்து அவன் தெரிந்துகொண்டான் என்றாள். மேட்டின் மேல் ஏறி நின்றான் என்றாள். பூவாயி ஓடத்துக் கயிற்றை வீச, அவன் பிடித்துக்கொண்டான் என்று முடித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பி, "டீச்சர், சரியா சொன்னாளா?" என்று கேட்டார். "ஒரு வரி விடலை அண்ணே" என்றேன். "அப்ப படிச்சு முடிச்சாச்சு. இனிமே டிவியைப் போடு ரோசி, பார்க்கலாம்" என்றார் அவர். தொடர் எப்போதோ நின்றுவிட்டது என்று அவருக்கும் தெரியும். அவர் சிரித்தார், அவள் டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கிளம்பியபோது சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், கடல் பொங்கி வர்றதை நான் பார்த்திருக்கேன். கரையில நின்னவன் எவனும் மேடு ஏறினதில்ல" என்றார். நான் குனிந்து செருப்பை மாட்டினேன். "பரவாயில்ல, அவ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. ரோசிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். அடக்கம் முடிந்து வந்த மாலை அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு நம்பிட்டாரு இல்ல கமலா?" நம்பினார் என்றேன். புருஷனிடம் ஒரு பொய், பெண்டாட்டியிடம் ஒரு பொய். இரண்டையும் இன்னொருமுறை சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகு அவள் கதைப் புத்தகம் எதையும் தொடவில்லை. வட்டத்தின் ஆண்டு விழாவில் 'புத்தகமும் தொலைக்காட்சியும்' என்ற தலைப்பில் அவளைப் பேச அழைத்தார் வைத்தியநாதன். இந்த மனிதருக்கு இருக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? அவள் வந்தாள். "படிச்சுட்டுப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் படிக்கறதுக்கு எடுத்து வெச்சதை, ஊர் பார்க்கறதுக்குக் கொடுத்துட்டேன். அவரும் படிக்கலை, ஊரும் முழுசாப் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நகைச்சுவை என்று நினைத்து வைத்தியநாதன் முதலில் கைதட்ட, சபையும் தட்டியது. தட்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் அவரே தலைமை. "யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லாம புத்தகம் கொடுத்த மகராசி" என்றார். அதற்கும் தலையாட்டினீர்கள். இரண்டு நிமிட மௌனம், காபி, மெதுவடை. காபித் தம்ளரோடு ஓர் இளைஞனை என்னிடம் அழைத்து வந்தார். வேறொரு சேனலாம், 'கடல் போன திசை'யைப் புதிதாக, இந்த முறை முழுசாக எடுக்கப் போகிறார்களாம். "முடிவு மட்டும் சொல்லிட்டேள்னா போதும். நடுவுல இருக்கறதை இவாளே இட்டுக்கட்டிப்பா" என்றார். நான் அந்தப் பையனைப் பார்த்து, "முதல்ல படிச்சுட்டு வாங்க" என்றேன். "எங்க மேடம் படிக்கறது? எங்கயுமே கிடைக்கலையே" என்றான். உண்மையாகவே தேடியிருப்பான் போல, முகம் வாடியிருந்தது. "எழுதித் தரேன், படிங்க" என்றேன்.

எழுதிவிட்டேன். ரோசலினின் தங்கை, அக்காவின் வீட்டைக் காலி செய்தபோது, வெற்று அட்டையைப் பழைய பேப்பர்காரன் எடுக்க மாட்டேன் என்கிறான், உங்களுக்கு வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். வாங்கி வந்தேன். ஐந்தும் என் பீரோவில், புடவைகளுக்கு நடுவே இருக்கின்றன. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவையும், அந்தக் கடைசி மாலையும்தான்.

வைத்தியநாதன் சார், உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் ஒரு வார்த்தை. எழுத்தாளர் எழுதிய முடிவு மேலே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், நங்கூரம் உட்பட. முடிவு சோகமாக இருக்கிறது, விளம்பரம் கிடைக்காது, மற்றது நன்றாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். ரோசலினிடம் வாங்கியது போதும். மேட்டின் மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்தவனை விட்டுவிடுங்கள். அவன் அந்தக் கதையில் இல்லை. அவன் சாந்தோமில், ஜன்னல் சாத்திய ஓர் அறையில், படித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருந்தான்.